கட்டிலைச் சுற்றிப் பாக்கு மரங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்கு வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னதைக் கேட்டு நான் கைபேசியை மடியில் வைத்துவிட்டேன்.

"ஊட்டுக்குள்ளாற பாக்கு மரம் நிக்க வெச்சேனுங்கக்கா."

"என்ன அம்மணி சொல்ற?"

"அட்டைப்பெட்டியில ரெண்டு லென்ஸ் ஒட்டி, பழைய போனைச் சொருகி, கண்ணுல மாட்டற மாதிரி செஞ்சேனுங்க. போன் கேமரா வழியா நம்ம ரூமே தெரியும், அதுக்குள்ள மரமும் நிக்கும். எங்க காலேஜ் லேப்ல நான் பசங்களுக்குச் சொல்லித் தர்றதுதானுங்க. எங்கூட்டுக்காரரு பாக்கு மரத்துல இருந்து உழுந்ததுல இருந்து செவுத்தையே பாத்துட்டுப் படுத்திருக்காருல்லங்க, அவருக்காக."

"பாத்தாரா?"

"கட்டிலைச் சுத்தி மரமா நிக்கவும் சிரிச்சாருங்க. அப்பறம், 'மேல இருந்து பாக்கோணும்'னாரு. அவருகூட மரமேறற கூட்டாளி முருகேசன் தலையில போனைக் கட்டிட்டு மரமேறிப் படம் புடிச்சுக் குடுத்தாருங்க. அதையும் போட்டுக் காட்டினேன்."

"அப்பறம்?"

"பாக்குக் குலையைப் புடிக்க ரெண்டு கை நீண்டுச்சுங்க. 'இது ஆரு கை?'ன்னாரு. முருகேசனோடதுன்னேன். பெட்டியை அவரே கழட்டிப்போட்டாருங்க."

காரமடையில் பேருந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

"நேத்து முருகேசன் பாக்க வந்தாருங்க. எங்கூட்டுக்காரரு, 'ஆணியில தொங்கற என்னோட மரமேறுற கயித்தை இவனுக்கே குடுத்துரு'ன்னு சொல்லிப்போட்டாரு. எடுத்துக் குடுத்தேனுங்கக்கா."