தரையைச் சவரம் செய்தவர்

கீரனூரில் பஸ் ஏறிய ஒரு கணவனும் மனைவியும் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். கணவர் மடியில், செய்தித்தாளில் சுற்றிய பிளேடு ஒன்று. புல் வெட்டும் மெஷினுடையது என்பது பிறகு தெரிந்தது. கூரான பொருளை இப்படிக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. நடத்துநர் கேட்கவில்லை; நானும் எடுத்துச் சொல்லவில்லை.

"நீங்க புல்லையா வெட்டுறீங்க? தரைக்குல்ல சவரம் பண்றீங்க" என்றார் அந்த அம்மாள்.

"மெஷின் பழசு. அப்படித்தான் தேயும்."

"மெஷின்தாங்க பழசு. பிளேடு போன மாசம் வாங்குனது. அத அடியோட எறக்கி வச்சு ஓட்டுனா, சரளைக்கல்லு பட்டுத் தேயாம என்ன செய்யும்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "புல்லக் கொஞ்சம் ஒசரமா விட்டா, துணி காயப்போட வர்ற ஒனக்குப் பாம்பு கெடக்குறது தெரியாது. ஒனக்கு இருக்குறது ஒத்தக் கண்ணு."

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"பிளேட ஏத்தியே வைங்க. நான் துணி காயப்போடப் போகையில நீங்க முன்னால நடங்க."

"பாம்பு என்னையக் கடிச்சா?"

"கடிக்காது. நீங்கதான் வாய் ஓயாமப் பேசிக்கிட்டே வருவீங்களே, அது பயந்து அங்கிட்டு ஓடிரும்."