புருஷன் பேர் என்ன?

நோர்வூட் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு ஆசிரியரும் அவர் மனைவியும் இருந்தார்கள். ஹட்டனில் வழக்கறிஞர்களுக்கு மாலையில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“என் கிளாஸ் லோயர் தம்பி இன்னைக்கு ஒரே ஒரு ‘ஆமா’வால கேஸ் ஜெயிச்சிட்டாரு,” என்றார் அவர்.

“எந்தத் தம்பிங்க?”

“அந்தச் சிங்களத் தம்பிதான். போன தவணைக்குக் கோர்ட்ல, தேயிலைக் கொழுந்து பறிக்கிற தன் கட்சிக்கார அம்மாகிட்ட, செத்துப்போன புருஷன் பேர் என்னன்னு கேட்டிருக்காரு. அந்தம்மா வாயே தெறக்கல. பொய் சொல்ல வந்தவளுன்னு ஜட்ஜ் கத்திட்டாராம். புருஷன் பேர்ல இருந்த தோட்டத்து லயத்து வீடே போயிரும் போல இருந்துச்சு.”

“புருஷன் பேர அது எப்படிங்க வாயால சொல்லும்?”

“அதத்தான் கிளாஸ்ல எல்லாருக்கும் சொன்னேன். ‘என்ன பேரு’ன்னு கேக்காதீங்க, ‘முத்தையாதானா’ன்னு கேளுங்கன்னு இங்கிலீஷ்ல பழக்குனேன். இன்னைக்கு அவர் அப்படியே கேக்க, கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் அதத் தமிழ்ல கேட்டிருக்காரு. அந்தம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டு ஆமாங்கன்னுச்சாம். வீடு தப்பிச்சிருச்சு.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் ஆசிரியர் மெதுவாகக் கேட்டார்:

“நீயும் எம் பேர ஒரு நாளும் சொன்னதில்லயே?”

“சொல்லிச் சொல்லித் தேஞ்சு போறதுக்கா வச்சிருக்கேன்?” என்றார் மனைவி.