புகை வராத காலை

அக்கா: டேய், மணி எட்டாச்சு. சலவைக்கூடத்துப் புகைக்கூண்டுல புகையே காணோம்?

தம்பி: காத்து அந்தப் பக்கம் அடிக்குதுக்கா.

அக்கா: காத்து அடிச்சா புகை சாயும்டா, காணாமப் போகாது. பாய்லர் மூட்டலையா?

தம்பி: ஆஸ்பத்திரி போர்வையெல்லாம் நேத்தே தேய்ச்சு அடுக்கிட்டேன். இன்னிக்கு ஒருநாள் அது தூங்கட்டுமே...

அக்கா: யாரு சொல்றது பாரு! துணி இருக்கோ இல்லையோ, விடிஞ்சதும் அதுக்குக் கரி போட்டாகணும், ஆறவிட்டா மறுபடி சூடேற அரைநாள் ஆகும்னு என் உயிரை வாங்குவியே!

தம்பி: அதான்க்கா வயித்தெரிச்சல். ஊர்ல வியாபாரம் படுத்துடுச்சு, நமக்கு வர்ற துணி பாதியாயிடுச்சு. கரி பாதியாச்சா? அதே கரிதான், அதே புகைதான்.

அக்கா: ம்... எதிர்வீட்டு அம்மா வெள்ளைத் துணியைக் கொடியில போடறதையே விட்டுட்டாங்க.

தம்பி: ஊருக்கெல்லாம் வெளுத்துத் தர்றோம், எதிர்வீட்டை மட்டும் கறுப்பாக்கறோம்!

அக்கா: சிரிக்காதே. காலையில செய்தி கேட்டியா?

தம்பி: கேட்டேன். கரி பாய்லர் தடையை கவர்மெண்ட்ல மறுபடி தள்ளி வச்சுட்டாங்களாம்.

அக்கா: உனக்கென்ன, உன் செல்லத்துக்கு ஆயுசு கூடிடுச்சு. அதைத் தட்டிக் குடுத்துட்டுத்தானே சாப்பிடவே வர்றே.

தம்பி: என் செல்லமா? நீதானே 'சட்டம் வரட்டும், அப்புறம் பார்ப்போம்'னு...

அக்கா: பின்னே? மொதல்ல உடனே மாத்துன்னாங்க. அப்புறம் மானியம் உண்டுன்னாங்க. அப்புறம் அதுவும் இல்லைன்னாங்க. எதை நம்பி இறங்கறது?

தம்பி: அதனால புதுசும் வாங்கல, பழசுல ஓட்டையையும் அடைக்கல. எப்படியும் போகப்போற பாய்லருக்கு எதுக்குச் செலவுன்னு விட்டுட்டோம். இப்போ ஆவியெல்லாம் குழாய் வழியாவே ஒழுகுது. அதுக்கும் சேர்த்து நான் கரி அள்ளிப் போடறேன்.

அக்கா: ...ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது.

தம்பி: நானும் ஒண்ணு சொல்லணும். நீ கோவிச்சுக்கக் கூடாது.

அக்கா: சரி, நீ மொதல்ல.

தம்பி: நீதானே மூத்தவ, நீ சொல்லு.

அக்கா: இரு இரு... வாசல்ல என்னடா லாரி?

தம்பி: அது... வந்து...

அக்கா: யாருடா இவங்க, இரும்பு வெட்டற மெஷினோட இறங்கறாங்க?

தம்பி: பழைய இரும்பு எடுக்கறவங்க. பாய்லரை வித்துட்டேன்க்கா. ஆறினாத்தானே கழட்ட முடியும், அதான் மூட்டல. கரண்டுல ஓடறது ஒண்ணுக்கு முன்பணம் கட்டியாச்சு. நாளைக்கு வந்துடும்.

அக்கா: என்கிட்ட ஒரு வார்த்தை...

தம்பி: கேட்டா 'சட்டம் வரட்டும்'னு சொல்லுவே. கவர்மெண்ட் ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் நாம புகை விட்டுக்கிட்டே இருக்கணுமா? கையிருப்பெல்லாம் புதுசுல போட்டாச்சு, இனி வேலை வரலன்னா ரெண்டு பேரும் நடுத்தெருவுலதான் நிக்கணும். தெரிஞ்சேதான் செஞ்சேன். திட்டணும்னா திட்டிடு... ஏன்க்கா, எதுக்குக் கண்ணைத் துடைக்கிறே?

அக்கா: அடுத்த வாரத்திலேர்ந்து மூணு ஹோட்டல் துணி மொத்தமா நமக்கு வருதுடா! கரி பாய்லர்னா குடுக்க மாட்டோம்னாங்க, 'எங்ககிட்ட கரி பாய்லரே கிடையாது'ன்னு அடிச்சுவிட்டுத்தான் வாங்கியிருக்கேன். இதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தூக்கமே இல்ல, போ!