சா இல்லாத ராகம்

குப்புராஜ்: ...இல்ல டீச்சர், தெரியாமதான் கேக்கறேன். சா இல்லாம அது இன்னா ராகம்?

ஆதிலட்சுமி: இருக்குதே. இந்த வாரந்தான் பொறந்துது. பேரு பலராமரஞ்சனி.

குப்புராஜ்: அதுக்குள்ள பேரு வெச்சாச்சா!

ஆதிலட்சுமி: நம்ம பட்டுக்கடை மொதலாளி தன் பேரத்தாண்ணா மொதல்ல வெச்சாரு. ராகம் அப்புறமாதான் வந்துது.

குப்புராஜ்: இத்தினி வருசமா பிடில் வாசிக்கிறேன். ரி இல்லாம கேட்டுக்கீறேன், ம இல்லாம கேட்டுக்கீறேன். சா இல்லாம எவனும் பாடிக் கேட்டதில்ல. மாப்பிள்ள இல்லாத கல்யாணத்துக்கு மோளம் வாசிக்கச் சொன்னாப்ல கீது.

ஆதிலட்சுமி: மெதுவாண்ணா. மொதலாளி வெளிய ஹால்லதான் நாற்காலி போட வெச்சிகினு இருக்காரு.

குப்புராஜ்: போடட்டும். சா மேல அவருக்கு இன்னா கோவம்?

ஆதிலட்சுமி: "எல்லா சுரமும் எங்க சுத்தினாலும் கடைசில சாவாண்ட போயி கையக் கட்டிகினு நிக்குது. எத்தினி நாளிக்கி ஒரே ஆளு தலைவரா இருக்கறது?"ன்னு கேக்கறாரு.

குப்புராஜ்: யாரு? இந்த சபா ஆரம்பிச்சதுலேர்ந்து அவரேதானே தலைவரு!

ஆதிலட்சுமி: அத நீங்களே போயி கேளுங்களேன்.

குப்புராஜ்: நான் ஏன் கேக்கறேன்... சரி, இன்னா சுரம்லாம் வருது?

ஆதிலட்சுமி: மோகன ராகத்த எடுத்துகினு, அதுலேர்ந்து சாவத் தூக்கிட்டு, அந்த எடத்துல நியப் போட்டுட்டாரு. ரி, க, ப, த, நி. அவ்ளோதான்.

குப்புராஜ்: எங்க, பாடுங்க பாக்கலாம்.

ஆதிலட்சுமி: ரீ... கா... பா... தா... நீ...

குப்புராஜ்: ம். அப்புறம்?

ஆதிலட்சுமி: அப்புறம் ஒண்ணும் இல்ல.

குப்புராஜ்: ஐயோ! நியில கொண்டாந்து நிறுத்திட்டீங்களே! இன்னும் ஒரு எட்டு வெச்சா வூடு. வாசப்படியில நிக்க வெச்சி "உள்ள போவாதே"ன்னா... பேஜாரா கீது டீச்சர். சான்னு சொல்லித் தொலைங்க!

ஆதிலட்சுமி: சொன்னா ராகம் செத்துடும்.

குப்புராஜ்: சொல்லலன்னா நான் செத்துடுவேன்.

ஆதிலட்சுமி: இன்னொண்ணும் கேளுங்க. பெங்களூர்லேர்ந்து கரண்ட்டு சுருதிப்பொட்டி வாங்கினு வந்தாருல்ல? அது மேடையில ஓடிகினே இருக்கணுமாம். அது மேல அவரு பேரு எழுதியிருக்குதே.

குப்புராஜ்: அது சா, சான்னுதானே கத்தும்?

ஆதிலட்சுமி: ஆமா.

குப்புராஜ்: அப்ப பாட்டுல சா வரக்கூடாது. பொட்டியில சா ஓயக்கூடாது.

ஆதிலட்சுமி: ம்.

குப்புராஜ்: முடியாதுன்னு சொல்லிட்டு ஜல்தியா சேவூர் பஸ்ஸப் புடிச்சி வூட்டுக்குப் போயிருக்கலாமே நீங்க?

ஆதிலட்சுமி: போலாந்தான். இந்த சபாவுல எத்தினி வருசமா புள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லித் தரேன், தெரியுமில்ல? மேடையில நான் பாடினது இன்னா? கடவுள் வாழ்த்து. அது முடிஞ்சதும் மைக்க வாங்கிடுவாங்க. "எழுந்திரும்மா, மெட்ராஸ்காரங்க வந்துட்டாங்க"ம்பாங்க. இன்னைக்கு சாயங்காலந்தான் மொத தபா என் பேருல முழுக் கச்சேரி. நடுவுல இந்த ராகம் பாடினாதான் அதுவும்னு சொல்லிட்டாரு.

குப்புராஜ்: ...மெட்ராஸ்லேர்ந்து விமர்சகர் ஒருத்தரும் வராராமே.

ஆதிலட்சுமி: அதான் பயமா இருக்குது. ஆரணியில ஒரு டீச்சர், சா எங்க இருக்குன்னே தெரியாம தேடிகினு இருந்துதுன்னு பத்திரிகையில எழுதிட்டா?

குப்புராஜ்: எழுதுவாரு. ஜோக்குப் பக்கத்துல போடுவாங்க.

ஆதிலட்சுமி: சிரிக்காதீங்கண்ணா... இருங்க. இருங்க இருங்க. நீங்க பாவுல வில்ல வெச்சி இழுத்துகினே இருங்க. நிறுத்தாதீங்க.

குப்புராஜ்: பாவுலயா? எதுக்கு?

ஆதிலட்சுமி: இழுங்களேன்! ...பா... தா... நீ... ரீ... கா... பா...

குப்புராஜ்: இன்னொரு தபா.

ஆதிலட்சுமி: பா... தா... நீ... ரீ... கா... பா...

குப்புராஜ்: இது மோகனம்!

ஆதிலட்சுமி: அச்சு அசல் மோகனம். பாவ சான்னு வெச்சிக்கோங்க. அங்கேர்ந்து ஒவ்வொரு சுரத்துக்கும் எவ்ளோ தூரம்னு பாருங்க. மோகனத்துல இருக்கற அதே தூரம். இப்படி சாவ எடம் மாத்திப் பாக்கறதுதான் கிரகபேதம்னு புள்ளைங்களுக்கு நானே சொல்லித் தரேன், எனக்கே இத்தினி நேரம் ஒறைக்கல.

குப்புராஜ்: மொதலாளி சாவ நாற்காலிலேர்ந்து எறக்கினாரு...

ஆதிலட்சுமி: பா போயி உக்காந்துகிச்சு.

குப்புராஜ்: நாற்காலி காலியாவே இருக்காது போல கீதே!

ஆதிலட்சுமி: நான் பாடறது அஞ்சு கட்டை சுருதி. அதுக்குப் பா, ரெண்டு கட்டையில வரும். இந்தப் பாட்டு வரச்சொல்ல, பொட்டியோட திருகாணிய அஞ்சுலேர்ந்து ரெண்டுக்குத் திருப்பிடுங்க. அப்புறம் நான் பாத்துக்கறேன்.

குப்புராஜ்: மொதலாளி கண்டுபுடிச்சிட்டா?

ஆதிலட்சுமி: அடுத்த வருசம் திரும்பவும் கடவுள் வாழ்த்துதான்.

பலராமன்: இன்னா டீச்சரம்மா, உள்ள கொரல் கேட்டுதே. நம்ம ராகந்தானே?

ஆதிலட்சுமி: வாங்க மொதலாளி. ஒங்களுதுதாங்க.

பலராமன்: எங்கயும் சா வந்துரலியே?

ஆதிலட்சுமி: சான்னு வாயத் தொறக்க மாட்டேங்க.

பலராமன்: அதான் வேணும். ஆரணிய ஆண்டுகினு இருந்த ஜாகீரே போச்சு, சுரத்துக்கு மட்டும் ஒரு ஜாகீர்தாரா? சாயங்காலம் பாருங்க, ஊரே வாயப் பொளக்கப் போவுது. குப்பு, அந்தப் பொட்டிய என் பேரு தெரியறாப்ல முன்னாடி வையி.

குப்புராஜ்: என் கைக்கு எட்டறாப்ல வெச்சிக்கறேங்க.

*

பலராமன்: வாங்க டீச்சரம்மா. வா குப்பு. செருப்ப வாசல்ல வுட்டுட்டு மேல வந்து பாயில உக்காருங்க. காலங்காத்தால கடைக்கு எதுக்குக் கூப்ட்டு வுட்டேன் தெரியுமா?

ஆதிலட்சுமி: நேத்துக் கச்சேரி விஷயமாங்களா...

பலராமன்: பிரமாதம்! அந்த விமர்சகர் மேடையில இன்னா பேசினாரு, கேட்டல்ல குப்பு?

குப்புராஜ்: "ஈர்ப்பு விசையிலிருந்தே விடுதலை பெற்ற ராகம். ராக்கெட்டில் மிதக்கும் மனிதனைப் போல இது எந்தச் சுரத்திலும் கால் ஊன்றவில்லை"ன்னாரு.

பலராமன்: நானே பட்டு சால்வை எடுத்துப் போத்தினேன்.

குப்புராஜ்: அதுக்கு முன்னாடியே போத்திட்டீங்க. அப்புறந்தான் பேசினாரு.

பலராமன்: எதோ ஒண்ணு. நடுவுல கரண்ட்டு போச்சா?

ஆதிலட்சுமி: போச்சுங்க. ஒங்க ராகத்துல பாதி கூடத் தாண்டல.

பலராமன்: மைக்கு நின்னுது. பேன் நின்னுது. பொட்டியும் நின்னுது. நீங்க மட்டும் நிறுத்தல.

ஆதிலட்சுமி: நிறுத்தினா ஜனங்க எழுந்து போயிடுவாங்கன்னு பயங்க. அப்புறம்... மைக்கு இல்லாம பாடச்சொல்லதான் கடைசி வரிசை வரைக்கும் மூச்சு வுடாம கேக்கறாங்கன்னு தெரிஞ்சுது. அந்த மாதிரி நான் பாடினதே இல்ல மொதலாளி.

பலராமன்: நாங்களும் கேட்டதில்லன்னு எல்லாரும் சொன்னாங்க. பெட்ரோமாக்ஸ் கொண்டாந்து வெச்சாங்களா, அந்த வெளிச்சத்துல பின்னால திரும்பிப் பாத்தேன். நீங்க மேல போயி, சுத்தி, ஒரு எடத்துல வந்து எறங்கினீங்க. அத்தினி பேரும் ஒண்ணா தலைய ஆட்டினாங்க. மறுபடி சுத்தினீங்க, மறுபடி எறங்கினீங்க. மறுபடி அத்தினி தலையும்.

குப்புராஜ்: நல்லா இருந்தா ஆட்டத்தானே செய்வாங்க...

பலராமன்: நீ சும்மா இரு. கால் ஊனலன்னு சொன்ன மனுசனும் அதே நேரத்துல ஆட்டினாரு. சா இல்லாத ராகத்துல எல்லாருக்கும் ஒரே எடத்துல எப்படி வூடு வந்துது? ரெண்டு பேரும் பாயப் பாக்காதீங்க. என்னப் பாத்துச் சொல்லுங்க.

ஆதிலட்சுமி: சொல்லிடலாங்கண்ணா.

குப்புராஜ்: டீச்சர்... கடவுள் வாழ்த்து...

ஆதிலட்சுமி: இருக்கட்டும். ஒரு தபா பாடிட்டேன். அத எங்கிட்டேர்ந்து யாரும் வாங்கிக்க முடியாது. மொதலாளி, நேத்து நான் பாடினது மோகனம். பாவ சா ஆக்கிட்டோம். பொட்டிய அண்ணா ரெண்டு கட்டைக்குத் திருப்பிட்டாரு.

பலராமன்: பொட்டிதான் கரண்ட்டோட நின்னுபோச்சே?

ஆதிலட்சுமி: அதுக்குள்ள ஜனங்க காதுல பா குடி வந்துடுச்சுங்க. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவுல இருக்கற தூரத்த வெச்சே, எது வூடுன்னு காது முடிவு பண்ணிடும். ஒருத்தர எடுத்தா இன்னொருத்தர உக்கார வெக்கும். பொட்டியே இல்லன்னாலும் அப்படித்தான். நீங்க நெனச்சாலும் நான் நெனச்சாலும் தடுக்க முடியாது.

பலராமன்: அப்ப என் ராகம்?

குப்புராஜ்: கீதே. மோகனத்துக்கு இப்ப ரெண்டு பேரு.

ஆதிலட்சுமி: அண்ணா!

பலராமன்: ரெண்டு பேருமா சேந்துகினு... என்ன மொத வரிசையில ஒக்கார வெச்சி, என் மூஞ்சிக்கு நேராவே...

ஆதிலட்சுமி: தப்புதாங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. பொட்டி அஞ்சுலேர்ந்து ரெண்டுக்கு எறங்கினது லேசான விஷயம் இல்ல. களம்பூர் ஏத்தத்துல நெல்லு லாரி கியர் மாத்தினாப்ல கேட்டிருக்கும். ஒங்க ராகம் ஒங்களுக்குத் தெரியாதா? அங்கயே எழுந்து "நிறுத்து"ன்னு சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லலிங்க?

பலராமன்: ...குப்பு, அந்தக் கதவச் சாத்து.

குப்புராஜ்: சாத்திட்டேங்க.

பலராமன்: வெளிய யாராச்சும் கீறாங்களா?

குப்புராஜ்: யாரும் இல்லிங்க.

பலராமன்: டீச்சரம்மா, அடுத்த வருசமும் முழுக் கச்சேரி ஒங்களுதுதான். இத மட்டும் வெளிய சொல்லக்கூடாது.

ஆதிலட்சுமி: எதங்க? மோகனம்னா?

பலராமன்: மோகனமோ, மோர்க்கொழம்போ... எனக்கு சா, பா எல்லாம் ஒண்ணாத்தாம்மா கேக்குது. சபா ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, பக்கத்து நாற்காலிக்காரன் எப்ப தலைய ஆட்டறான்னு பாத்துப் பாத்துதான் நானும் ஆட்டிகினு கீறேன். சாவே இல்லாம ஒரு ராகம் இருந்தா எல்லாருமே என்ன மாதிரி முழிப்பாங்க, ஒரு நாளாச்சும் நிம்மதியா ஒக்காரலாம்னு பாத்தேன்... நேத்தும் நாந்தாம்மா கடைசியா ஆட்டினேன்.