ஊத்த வழியில்லாத கியர் ஆயில்

அந்தியூரிலிருந்து ஈரோடு போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு தம்பதி, காலடியில் மஞ்சள் மூட்டை.

“பழைய ஆயிலை வடிச்சு உட்டுப்போட்டு, புதுசு ஊத்தற நட்டு கழண்டு வரலைங்கறீங்களே! மொதல்ல அதையல்ல கழட்டிப் பாக்கோணும்?”

“துருப்புடிச்சிருக்கும்னு நானென்ன கனாக் கண்டனா, அம்மணி?”

“மெக்கானிக்குகிட்ட உடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? இப்பக் கியர் பெட்டியில சொட்டு ஆயில் இல்லை, பிக்கப்ப ஒரடி நகத்தப்படாதுங்கறீங்க. வண்டி நெறைய ஏத்துன மஞ்சளு மழையில நனையட்டுமுங்களா?”

“காலையில பூத்துல இருந்து மெக்கானிக்குக்குப் போன் போட்டனே.”

“போட்டீங்களா? என்ன சொன்னாரு?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சொல்லுங்க!”

“வண்டிய ஓட்டிட்டு வரச் சொன்னாரு.”