காரணம் எழுதுற கட்டம்

தலகாணிய எடுத்துடுங்க சார். ரெண்டையுந்தான். அழகா இருக்கு, இல்லேன்னு சொல்லல. உங்க மாமியார் கையாலயே தைச்சதுன்னு நீங்க சொன்னதும் காதுல விழுந்துச்சு. ஆனா பொறந்து பதினோரு நாள் ஆன குழந்தைக்குத் தலகாணி எதுக்கு? கழுத்தே இன்னும் நிக்கல. மாமியார் மனசு கோணும்னா என்னைச் சொல்லிடுங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நர்ஸ் ஒரு ராட்சசி, எடுத்தாத்தான் ஆச்சுன்னு ஒத்தக்கால்ல நின்னான்னு சொல்லுங்க. பழியச் சுமக்கறது எனக்குப் புதுசில்ல.

வேணாம், வேணாம், வீட்டம்மாவ எழுப்பாதீங்க. ரெட்டைப்புள்ள பெத்த உடம்பு, தூங்கட்டும். எனக்கு உங்ககிட்டதான் வேலை. அப்பாவும் பெத்தவர்தானே. சில வீட்ல நான் உள்ள வந்தா அப்பாக்காரர் செருப்ப மாட்டிக்கிட்டு நழுவிடுவாரு. நீங்க நிக்கிறீங்க, கேட்டதுக்குப் பதில் சொல்றீங்க. உங்கள உக்கார வச்சு நாலு வார்த்தை பேசணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. உங்கள மாதிரி ஆளுங்களைச் சொல்றேன்.

ஏன் சார், ரெண்டு பேரையும் ஒரே கட்டில்ல போட்டிருக்கீங்க? வயித்துக்குள்ள ஒண்ணா இருந்தவங்கன்னா? உள்ள இருந்தப்ப அதுங்களுக்கு வேற போக்கிடம் இல்ல. இப்ப ஆளுக்கொரு இடம் வேணும். அவன் கை இவ மூக்கு மேல கெடக்கு பாருங்க. தள்ளிவிடத் தெரியுமா இவளுக்கு? அந்த ரெண்டாவது கட்டில்ல என்ன அது, துவைச்ச துணியா? நல்லாருக்கு நியாயம். துணி காலை நீட்டிப் படுத்திருக்கு, புள்ளைங்க நெருக்கிக்கிட்டுக் கெடக்குதுங்க. அள்ளி அந்த நாற்காலியில போடுங்க. நான் பொண்ணைத் தூக்கிக்கறேன். வாடி என் ராசாத்தி. பாருங்க, எப்படி மூஞ்சியச் சுளிக்கறா. அப்பா ஜாடை அப்படியே.

மல்லாக்கத்தான் சார். பகல்லயும் சரி, ராத்திரியும் சரி. பால் கக்கினா அடைச்சுக்கும்னு எல்லாரும் பயப்படறாங்க. அடைச்சுக்காது, குப்புறப் போட்டாத்தான் ஆபத்து. மெத்தை தட்டையா, கெட்டியா இருக்கணும். விரிப்பை இழுத்துச் செருகியிருக்கணும். அவ்வளவுதான் கட்டிலுக்குள்ள. அந்தப் பஞ்சுக் கரடி வெளிய. போர்வை வெளிய. கம்பியில இடிக்கக் கூடாதுன்னு சுத்திப் பஞ்சுப் பட்டி ஒண்ணு கட்டியிருக்கீங்களே, அதையும் அவுத்துடுங்க. கட்டில் ரெண்டும் உங்க ரூம்லயே, கைக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும். உங்க படுக்கையில மட்டும் புள்ளைங்களப் போட்டுக்க வேணாம்.

சோபாவுலயா? யாரு, நீங்களா? புள்ளைய நெஞ்சு மேல போட்டுக்கிட்டு நீங்களும் கண்ணசந்துட்டீங்களா? எத்தனை தடவை? சார், எனக்குக் கோவம் வருது. நீங்க அசந்தா அது சரிஞ்சு சோபா இடுக்குல போயிடும். அப்படி ஏதாச்சும் ஆகியிருந்தா ஊரு உங்களையா கேட்டிருக்கும்? உங்களப் பாத்து ஒருத்தன் கேக்கமாட்டான். அந்த அம்மாக்காரி எங்க போயிருந்தா, என்ன செஞ்சுக்கிட்டிருந்தான்னுதான் கேப்பாங்க. எனக்குத் தெரியும்.

சரி விடுங்க. கட்டிலு நல்ல கட்டிலு. ஆட்டிப் பாக்கறேன், அசையல. நாலு பக்கமும் கெட்டியா நிக்குது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல விட்ட எடமும் அளவாத்தான் இருக்கு. பாத்துத்தான் வாங்கியிருக்கீங்க. என்னது, இதே தொழிலா? குழந்தைக் கட்டில் செய்யுற கம்பெனியிலயா? அங்க பாதுகாப்பு அதிகாரியா! அடேங்கப்பா. அப்ப நான் இவ்ளோ நேரம் வாத்தியாருக்கே பாடம் எடுத்திருக்கேன்.

அப்ப இது உங்க கம்பெனிக் கட்டில்தானா? இல்லியா? வேற கம்பெனியா? உங்க ஆளுங்களுக்குச் சும்மாவே குடுப்பாங்களே சார். குடுத்தாங்க, நீங்க வேணாம்னுட்டீங்க. அப்படியா. ஏன்?

இருங்க, மெதுவாச் சொல்லுங்க, நான் மரமண்டை. ஒரு பக்கத் தடுப்பு மட்டும் கீழ இறங்கும், அம்மா குனியாம தூக்கலாம். சரி. அப்புறம் மேல ஏத்திக் கொக்கிய மாட்டணும். சரி. கொக்கி பிளாஸ்டிக். நாளாக நாளாக லேசா வளைஞ்சிடும். மாட்டினா டக்குன்னு சத்தம் கேக்கும், மாட்டினாப்பலயே தெரியும், ஆனா பிடிச்சிருக்காது. குழந்தை நாலு உதை உதைச்சா ஒரு முனை விட்டுக்கும், நடுவுல சந்து விழும். ம். யாரு மாட்டினாலுமா? எவ்வளவு பாத்துப் பாத்து மாட்டினாலுமா? இது உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும் சார்? நாலஞ்சு வருஷமா.

இல்ல, ஒண்ணுமில்ல. காலையில சாப்பிடல, லேசாத் தலை சுத்துச்சு. கொஞ்சம் தண்ணி குடுங்க. ம், போதும்.

இப்ப இந்தத் தாளு. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் இது ஒண்ணு நிரப்பணும். எங்க படுக்குது, எப்படிப் படுக்குது, கட்டில் எந்தக் கம்பெனி, எல்லாம் நானே எழுதிட்டேன். கடைசியில ஒரு கட்டம் இருக்கு பாருங்க, இந்தக் கட்டிலைத் தேர்ந்தெடுத்த காரணம், பெற்றோர் தம் கையால் எழுதவும்னு. அதை மட்டும் நீங்க எழுதணும். நான் எழுதினா செல்லாது. இப்ப எனக்குச் சொன்னீங்களே, அப்படியே எழுதுங்க. தெரிஞ்சவர் எழுதினா நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கும். கொக்கி விஷயத்தை விடாம எழுதுங்க. வளையுறதையும் எழுதுங்க. எவ்வளவு கவனமா மாட்டினாலும்னு சொன்னீங்க, அதை விட்டுட்டீங்க, சேத்துக்குங்க. அழுத்தி எழுதுங்க சார், அடியில நகல் எடுக்குற நீலத்தாள் வச்சிருக்கு, ரெண்டாவது தாள்ல விழணும். கீழ கையெழுத்து. பக்கத்துல உங்க பதவி. தேதி. இந்தாங்க, மேல இருக்கறது உங்களுக்கு. இது எனக்கு.

எனக்கா? இருக்கு சார். எனக்கும் ரெட்டைதான். ஆமா, உங்கள மாதிரியே. ரெண்டும் பொண்ணுங்க. ஒருத்திக்கு வர்ற மாசம் நாலு வயசு. இன்னொருத்தி அஞ்சு மாசத்தோட சரி.

வருத்தப்படாதீங்க. இப்பவே வருத்தப்பட்டுட்டா அப்புறத்துக்கு மிச்சம் இருக்காது. கட்டில்லதான் போச்சு. ஒரு பக்கத் தடுப்பு இறங்குற கட்டில். நான் அடுப்படியில பால் பாட்டில் கழுவிக்கிட்டிருந்தேன். நல்ல வெயில் நேரம், ரேடியோ பாடிக்கிட்டிருந்துச்சு. பத்து நிமிஷம் இருக்குமா? வந்து பாத்தா ஒரு முனை விட்டுக்கிட்டு, புள்ள அந்தச் சந்துல இருந்தா. அதுக்கு மேல நான் சொல்லமாட்டேன். கேக்கற யோக்கியதை உங்களுக்கு இல்ல.

உக்காருங்க. ஏன் எழுந்துட்டீங்க? இன்னும் முடியல.

கம்பெனிக்கு எழுதிப் போட்டோம். ஒண்ணே ஒண்ணு கேட்டோம், கொக்கிய ஒரு தடவை வந்து பாருங்கன்னு. யாரும் வரல. கடுதாசிதான் வந்துச்சு, ஒரே ஒரு பக்கம். எங்கள் கட்டிலின் கொக்கி தானாகத் திறந்துகொள்ள வாய்ப்பே இல்லை, தாயார் சரிவர மாட்டாததே காரணம் எனத் தெரிகிறது. தெரிகிறதாம். எங்கேர்ந்து தெரிஞ்சுது சார்? எந்த ஜன்னல் வழியாத் தெரிஞ்சுது? கீழ கையெழுத்து, பேரு, பதவி. மூணரை வருஷமா அந்தக் கையெழுத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன். பேரோட கடைசியில ஒரு கோட்டை இழுத்துச் சுழிச்சு விடுவீங்களே, கண்ணை மூடிக்கிட்டு நானே போட்டுருவேன்.

கத்தாதீங்க. புள்ளைங்க தூங்குது, வீட்டம்மா தூங்குறா. என் பேரா? நீங்க கேக்கவே இல்லியே. வாசல்ல கதவைத் தொறந்து, நர்ஸா, வாங்கன்னீங்க. அவ்வளவுதான். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், வக்கீல் அனுப்பின கேஸ் கட்டுல மேல அதுதான் இருக்கு. அடுத்த வாரம் கம்பெனிக்காகச் சாட்சி சொல்லப் போறீங்களே, அந்தக் கேஸ்காரி நான்தான்.

இந்தத் தெரு என் தெரு இல்ல. ஆஸ்பத்திரிப் பட்டியல்ல உங்க பேரைப் பாத்தேன். இந்தத் தெருவுக்குப் போக வேண்டியவ என் கூட வேலை பாக்குறவ. அவகிட்ட மாத்திக்கிட்டேன். எதுக்குன்னு கேட்டா. ரெட்டைப்புள்ளைன்னா எனக்குப் பிடிக்கும்னேன். உங்க வீட்ல எந்தக் கட்டில் இருக்குன்னு என் கண்ணால பாக்கணும், அவ்வளவுதான் சார் என் வேண்டுதல். உங்க கம்பெனிக் கட்டில் இருந்திருந்தா, இந்த மனுஷன் முட்டாள், ஆனா நம்பி எழுதினவன்னு நெனச்சுட்டு, அதைப் பிரிச்சுப் போடச் சொல்லிட்டுப் போயிருப்பேன். சத்தியமா. நீங்க முட்டாள் இல்ல. உங்க புள்ளைக்கு ஒரு கட்டில், என் புள்ளைக்கு ஒரு கட்டில்னு தெரிஞ்சு வச்சிருந்திருக்கீங்க.

தூ. மன்னிச்சுக்குங்க, வீட்டுக்குள்ள துப்பக் கூடாது. சத்தம் மட்டும்தான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், மனசுல வச்சுக்க எனக்குச் சக்தி இல்ல. உள்ள வந்து அந்தத் தலகாணிங்களைப் பாத்ததும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு நின்னேன். பாக்காத மாதிரி போயிடலாமான்னு தோணுச்சு. ஒரு நிமிஷந்தான். உடனே இவ கொட்டாவி விட்டா. என்னை அந்த அளவுக்குக் கொண்டு வந்து நிறுத்தினீங்க பாருங்க, அதுக்கே உங்களைச் சும்மா விடமாட்டேன். இந்தப் புள்ளைங்க நல்லா இருக்கட்டும். நூறு வயசு வாழட்டும். பெரிசாகி ஒரு நாளு, எங்கப்பா அப்படி ஒரு கடுதாசி எழுதினாரான்னு உங்களையே கேக்கட்டும்.

அதைக் கிழிக்கறீங்களா? கிழிங்க. அது உங்களோடது. அந்தக் கட்டத்தை இதுவரைக்கும் நான் ஒருத்தரையும் எழுதச் சொன்னதில்ல சார். எந்த நர்ஸும் சொல்லமாட்டா. காலியாத்தான் போகும், ஆபீஸ்ல யாரும் பாக்கறதும் இல்ல. உங்களுக்குத் தொழில் தெரியும்னு காட்டிக்கணும்னு ஆசை, அஞ்சு வரிக்குப் பதிலா பதினோரு வரி எழுதிக் குடுத்துட்டீங்க.

என் பையத் தொடாதீங்க. தொட்டா நான் கத்துவேன், வீட்டம்மா எழுந்து வருவா, அப்ப இதை அவளுக்குத்தான் மொதல்ல படிச்சுக் காட்டுவேன்.

கேஸ்ல ஜெயிப்பேனான்னு தெரியாது. ஆஸ்பத்திரித் தாளை வெளிய எடுத்ததுக்கு என் வேலை போகும், அது நல்லாத் தெரியும். போகட்டும். கோர்ட்டுக்காக மட்டும் நான் இதை வாங்கல. என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். இத்தனை வருஷத்துல என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஆனா உங்க கடுதாசி வந்த நாள்லேர்ந்து, நான் வாசக்கதவத் தாழ் போட்டா, அவர் எழுந்து வந்து ஒரு தடவை இழுத்துப் பாக்கறார். நான் அடுப்பை அணைச்சா, வந்து திருகிப் பாக்கறார். நான் பாத்துக்கிட்டிருக்கேன்னு தெரிஞ்சாலும் பாக்கறார், கை தானாப் போகுது அவருக்கு. இன்னிக்குச் சாயங்காலம் வேலையிலேர்ந்து வருவாரு. உக்கார வச்சு, இதைக் கையில குடுத்து, அந்தக் கட்டத்தை மட்டும் சத்தமாப் படிங்கன்னு சொல்வேன்.