பக்கத்தில் நிற்பவளின் அளவு

மாமியார்: அப்போ இங்கிலீஷ்ல லுக்குக்கும் சீக்கும் என்னதான் வித்தியாசம்? ரெண்டும் பாக்கறதுதானே?

மருமகள்: சீன்னா தானா கண்ணுல படறது. லுக்னா நாமளா திரும்பிப் பாக்கறது.

மாமியார்: ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா சீன்னு சொன்னா அடிக்க வர மாட்டாரா?

மருமகள்: இங்கிலீஷ்காரர் வர மாட்டாரு அத்தை.

மாமியார்: சரி... ஹியர், லிசன்?

மருமகள்: நான் சாப்பிட வாங்கன்னு கத்தறது உங்க காதுல விழுதில்ல, அது ஹியர். தையல் மிஷினை நிறுத்திட்டு காது கொடுத்துக் கேட்டா லிசன். அது உங்களுக்குத் தேவைப்படாது, விடுங்க.

மாமியார்: வாயாடி. விசிட்டர், கெஸ்ட்?

மருமகள்: விசிட்டர் வந்து பாத்துட்டுப் போறவங்க. கெஸ்ட்னா நாம கூப்பிட்டு உக்கார வச்சு கவனிச்சு அனுப்பறவங்க.

மாமியார்: கெஸ்ட். கெஸ்ட்... இது நல்லா இருக்கு.

மருமகள்: யாரோ கஸ்டமர் வராருன்னு சொன்னீங்க. கஸ்டமரை எதுக்கு கெஸ்ட்னு கூப்பிடணும்?

மாமியார்: ஒரு மரியாதைதான்.

மருமகள்: எப்போ வராரு?

மாமியார்: ஞாயித்துக்கிழமை.

மருமகள்: அன்னைக்குக் கடை லீவாச்சே...

மாமியார்: அந்த வெள்ளை நூலை எடு.

மருமகள்: இந்தாங்க. இந்தச் சட்டையும் அவருக்குத்தானா? எப்போ வந்து அளவு கொடுத்தாரு?

மாமியார்: வரல. ஃபோட்டோவைப் பாத்து வெட்டினேன்.

மருமகள்: பழைய சட்டையைக் கொண்டு வந்து காட்டினாக்கூட, "ஆள் நேர்ல வரட்டும்"னு திருப்பி அனுப்பறவங்க நீங்க.

மாமியார்: ஃபோட்டோல பக்கத்துல நிக்கிறவ அளவு எனக்கு அத்துப்படி. அவளோட தோளை வச்சு இவரோட தோளைக் கணக்குப் போட்டேன்.

மருமகள்: பக்கத்துல நிக்கிறது யாரு அத்தை?

மாமியார்: அந்தப் பட்டன் டப்பாவை எங்க வச்சே?

மருமகள்: அத்தை.

மாமியார்: உன் நாத்தனார்தான். போதுமா? ஞாயித்துக்கிழமை புருஷனைக் கூட்டிக்கிட்டு வராளாம். நேத்து உன் வீட்டுக்காரன்தான் மென்னு முழுங்கிச் சொன்னான்.

மருமகள்: இதை என்கிட்ட நேரா சொல்றதுக்கென்ன?

மாமியார்: எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்ல? வேத்து பாஷைக்காரரைக் கட்டிக்கிட்டாளேன்னு, "என் கண்ணுலயே முழிக்காதே"ன்னு கத்தினவ நான். ரெண்டு வருஷமா அவகிட்ட ஒரு வார்த்தை பேசல. இப்போ மாப்பிள்ளை வாசல்ல வந்து நிக்கும்போது ஊமை மாதிரி நின்னா... பிடிக்கலைன்னு நெனச்சு அவளையும் கூட்டிக்கிட்டுத் திரும்பிப் போயிட்டாருன்னா?

மருமகள்: போக மாட்டாரு.

மாமியார்: உனக்கென்ன தெரியும்? கடைசியா ஒண்ணு சொல்லு. ஆங்ரிக்கும் அப்செட்டுக்கும்?

மருமகள்: ஆங்ரின்னா கோபம். அப்செட்னா... உள்ளுக்குள்ள வருத்தம், மனசு சரியில்லாம இருக்கறது.

மாமியார்: ரெண்டாவதுதான் எனக்கு. அதை முழுசா எப்படிச் சொல்றதுன்னு சொல்லிக் கொடு. முதல்ல இருந்த கோபம் எப்பவோ போயிடுச்சுன்னும் சேத்துச் சொல்லணும்.

மருமகள்: சொல்லித் தரேன். அதுக்கு முன்னாடி அந்தச் சட்டையோட கையைப் பிரிங்க. ரெண்டு அங்குலம் குட்டையா இருக்கு.

மாமியார்: என் கணக்கு தப்பாது.

மருமகள்: அன்னைக்கு அவ ஹீல்ஸ் போட்டிருந்தா அத்தை. நீங்க வெறுங்காலுக்குக் கணக்குப் போட்டுட்டீங்க.

மாமியார்: அய்யோ, ஆமா... இரு. இடுப்புக்கு மேலதானே ஃபோட்டோ. கால்ல என்ன இருந்ததுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

மருமகள்: நீங்க முதல்ல கையைப் பிரிங்க.

மாமியார்: உன்னைத்தான் கேக்கறேன்.

மருமகள்: அந்த ஃபோட்டோவை உங்க கத்தரிக்கோல் டப்பாவுல வச்சதே நான்தான்.

மாமியார்: அடிப்பாவி.

மருமகள்: நீங்க பட்டன் வாங்கக் கிளம்பினதும் ரெண்டு பேரும் ஃபோன்ல வருவாங்க. மாப்பிள்ளை என்கிட்ட தமிழ் கத்துக்கறாரு. போன வாரம் அவரும் இதையேதான் கேட்டாரு, கோபத்துக்கும் வருத்தத்துக்கும் என்ன வித்தியாசம்னு. அத்தைக்கு இருக்கறது எதுன்னு தெரிஞ்சுக்கிட்டுதான் வரணுமாம்.

மாமியார்: நீ... என்ன சொல்லி வச்சே?

மருமகள்: கோபம்னா கதவைச் சாத்திட்டு வேலையைப் பாக்கப் போயிடுவாங்க, வருத்தம்னா சாத்தின கதவுக்குப் பின்னாடியே நின்னுக்கிட்டு இருப்பாங்க, அத்தை ரெண்டாவதுன்னு சொன்னேன். "அப்போ நாங்க வரலாம்"னாரு... தமிழ்லயே.